உருளைக்கிழங்கு கூப்பிடும் மாலை நேரம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. சோறு, ரொட்டி, கிழங்கு, சிப்ஸ் என்று பெயர்தான் வேறு, எல்லாமே மாவுச்சத்து. எல்லோரும் கேட்பது ‘விட முடியவில்லை, என்ன செய்ய?’ என்பதுதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது. அதில் இருப்பது நிறைய பேருடைய கதை, சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: எனக்கு 41 வயது. உருளைக்கிழங்கு வறுவல் என்றால் உயிர். வேலை முடிந்து ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளுக்காக வறுவல் போடுவேன். அடுப்படியில் நின்றபடியே வாணலியிலிருந்து எடுத்துத் தின்ன ஆரம்பித்தால் நிறுத்த முடிவதில்லை. அடியில் ஒட்டியிருக்கும் முறுகலைக் கரண்டியால் சுரண்டித் தின்று முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்பதே தெரிகிறது. எடை கூடிவிட்டது, மருத்துவரும் குறைக்கச் சொல்லிவிட்டார். ‘இனி கிழங்கே வேண்டாம்’ என்று இரண்டு முறை சபதம் போட்டேன். முதல் முறை 40 நாள் தாங்கியது, இரண்டாம் முறை 12 நாள். ஒவ்வொரு முறையும் ஆசை முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. பகலில் நான் கட்டுப்பாட்டோடுதான் இருக்கிறேன், மதியம் ஒரு பழமும் ஒரு டம்ளர் பாலும் மட்டும்தான். மாலையில்தான் எல்லாம் கைவிட்டுப் போகிறது. எனக்கு மனவுறுதியே இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், சகோதரி. கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உயிருக்குயிரான ஒன்றை 40 நாள் தொடாமல் இருந்தவருக்கு மனவுறுதி இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நீங்களே சொன்னாலும் நம்பாதீர்கள். உங்களுக்கு இருக்கும் மனவுறுதி வேண்டிய மட்டும் இருக்கிறது, அதைத் தவறான நேரத்தில் செலவழிக்கிறீர்கள்.

‘கட்டுப்பாட்டோடு இருக்கிறேன்’ என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த மதிய நேரத்தைத்தான் சொல்கிறேன். ஒரு பழம், ஒரு டம்ளர் பால், அதற்கப்புறம் ஐந்து மணி நேர வேலை, பயணம், வீட்டுக்கு வந்த கையோடு சூடான எண்ணெய்க்கு முன்னால் நிற்பது. அந்த நேரத்தில் உங்கள் உடம்பு கேட்பது நியாயமான சாப்பாடு. எதிரே வறுவல் இருப்பதால் வறுவலைக் கேட்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள், அவர்களுக்கு 24 வாரங்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதிதான் கொடுத்தார்கள். எடை குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான், ஆனால் மனசும் மாறிப்போனது. சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சு இல்லை, வேறு கனவு இல்லை. சமையல் பக்கமே போகாதவர்கள்கூட சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். ஆய்வு முடிந்து வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. மனவுறுதி இல்லாதவர்களா அவர்கள்? பட்டினி அப்படித்தான் செய்யும். நீங்கள் அதையே சின்ன அளவில் தினமும் மதியம் செய்துகொண்டு, மாலையில் உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள்.

ஆகவே கிழங்கைப் பற்றி எதுவும் செய்வதற்கு முன்னால் மதியச் சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள். வயிறு நிறையும்படி, பருப்போ முட்டையோ மீனோ ஏதாவது ஒரு புரதம், நிறைய காய், கூடவே ஒரு கை அளவு சோறோ ரொட்டியோ. ஆமாம், மாவுச்சத்தும் வேண்டும், பயப்படாதீர்கள். வேலையிலிருந்து கிளம்புவதற்கு அரை மணி முன்பு ஒரு கைப்பிடி கடலையோ சுண்டலோ. இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள், வறுவலை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்றோ தொடலாம் என்றோ ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். ஆறரை மணி ஆசையில் எவ்வளவு பங்கு வெறும் பசி என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். எனக்குத் தோன்றுவது, பாதிக்கு மேல்.

மீதி இருக்கிறதே, அது பசி இல்லை, பழக்கம். இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். உங்களுக்குக் கிழங்கு மாதிரி எனக்கு ரொட்டி. இரவு பத்து மணிக்கு மேல் எழுதி முடித்து நாற்காலியை விட்டு எழுந்தால் கால் தானாகச் சமையலறைக்குப் போகும். வெண்ணெய் தடவி இரண்டு துண்டு, அப்புறம் இன்னும் இரண்டு, அப்புறம் பாக்கெட்டின் அடியில் கிடக்கும் அந்தக் கெட்டியான ஓரத் துண்டு, அதையும் விடுவதில்லை. வருஷக்கணக்காக இது நடந்தது. ஒரு முறை ஒரு வாரம் வெளியூரில் தங்க வேண்டி வந்தது. அதே பத்து மணி, அதே எழுத்து வேலை, அறை மட்டும் வேறு. ஒரு நாள்கூட ரொட்டி நினைப்பு வரவில்லை! திரும்பி வந்து என் நாற்காலியிலிருந்து எழுந்த முதல் இரவே வந்து நின்றது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, அந்த ஆசை என் வயிற்றில் இருந்ததைவிட அந்த நாற்காலியில் அதிகமாக இருந்தது என்று. ஓர் இடம், ஒரு மணி, ஒரு வாசனை, இவற்றோடு ஒரு ருசி திரும்பத் திரும்பச் சேர்ந்துவிட்டால், அப்புறம் அந்த இடமும் மணியும் வாசனையும் மட்டுமே போதும், எச்சில் ஊறிவிடும். சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய சத்தத்துக்கே எச்சில் ஊறியதே, ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய், அதற்கு நடந்ததும் இதுதான், நமக்கு நடப்பதும் இதுதான்.

நான் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எழுதும் இடத்தை வேறு அறைக்கு மாற்றினேன், எழுந்ததும் நேராகப் போய்ப் பல் தேய்த்தேன். முதல் நான்கைந்து நாள் ஆசை குறையவில்லை, கூடியது. இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பலர் அந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். தினமும் கிடைத்துக்கொண்டிருந்தது நின்றுபோனால் மூளை முதலில் இன்னும் சத்தமாகக் கேட்கும், அப்புறம்தான் அடங்கும். எனக்கு மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு பல் தேய்த்துப் படுத்த பிறகுதான், அட, இன்று நினைக்கவே இல்லையே என்று உறைத்தது.

உங்களுக்கு அந்த நாற்காலி, அடுப்படி. பிள்ளைகளுக்கு வறுவல் வேண்டும் என்றால் செய்யுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். முதலில் உட்கார்ந்து நீங்கள் ஏதாவது சாப்பிடுங்கள், ஒரு கிண்ணம் சூப்போ முதல் நாள் வேகவைத்த பயறோ, எதுவாக இருந்தாலும் சரி. அதற்குப் பிறகு சமையல். வறுவல் ஆனதும் எல்லோருக்கும் தட்டில் பிரித்துப் போட்டுவிட்டு, உங்கள் பங்கையும் தட்டில் போட்டுவிட்டு, வாணலியில் உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அந்த முறுகல் நனைந்து போகட்டும். கேட்கும்போது மனசு வலிக்கும், தெரியும். ஆனால் நின்றுகொண்டு, கரண்டியால் சுரண்டி, யாரும் பார்க்காமல் தின்னும் அந்த ஐந்து நிமிடம்தான் உங்களை ஆட்டிவைக்கிறது, உட்கார்ந்து தட்டில் தின்னும் கிழங்கு இல்லை. நின்றுகொண்டு வாயில் எதுவும் போடுவதில்லை என்ற ஒரே ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேறு சபதமே வேண்டாம்.

கிழங்கின் மேல் பழி போடுகிறோமே, அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 87 கலோரிதான், முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதே கிழங்கை நீளமாக நறுக்கி எண்ணெயில் பொரித்தால் 300ஐத் தாண்டும், மெல்லிய சிப்ஸாக்கினால் 500ஐத் தாண்டும். தண்ணீர் வெளியே போய் அந்த இடத்தில் எண்ணெய் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் எது வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. அந்த 38இல் அதுதான் முதல் இடம். பொரித்த உருளைக்கிழங்கோ வெறும் 116. ஒரே கிழங்கு, பசியை அடக்குவதில் இவ்வளவு வித்தியாசம்! மாவுச்சத்தும் கொழுப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் மூளை அதற்குத் தனி மரியாதை கொடுக்கிறது என்பதை 2018இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானா ஸ்மால் குழுவினரும் காட்டினார்கள். கலோரி ஒன்றாகவே இருந்தாலும், மாவுச்சத்து மட்டும் உள்ள உணவையும் கொழுப்பு மட்டும் உள்ள உணவையும்விட, இரண்டும் சேர்ந்த உணவுக்கு மக்கள் கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். இயற்கையில் இந்த இரண்டும் அதிகமாகச் சேர்ந்திருக்கும் உணவு அரிது. தாய்ப்பாலைச் சொல்லலாம், அதில் மாவுச்சத்தின் இடத்தில் பால் சர்க்கரை.

அதனால்தான் கிழங்கை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் இரண்டு சபதங்களும் உடைந்ததற்கு இன்னொரு காரணம், ‘கூடாது’ என்று சொன்ன கணத்திலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தீர்கள். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். அவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை, அப்புறம் நினைக்கலாம் என்று சொன்னதும் முன்பைவிட அதிகமாக நினைத்தார்கள். உங்கள் 41ஆம் நாள் அதுதான்.

வாரத்தில் இரண்டு நாளை நீங்களே தேர்ந்தெடுங்கள், செவ்வாயும் சனியும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாட்களில் கிழங்கு உண்டு, குற்ற உணர்ச்சி இல்லாமல் உண்டு, உட்கார்ந்து, மற்ற சாப்பாட்டோடு. ஒரு நாள் வறுவல், ஒரு நாள் வேகவைத்தது. வேகவைத்ததைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தோலோடு வேகவைத்த சின்னக் கிழங்கை இரண்டாக உடைத்து, ஆவி பறக்க, உப்பும் மிளகும் மட்டும் தூவி, ஒரு துண்டை வாயில் போட்டு அவசரப்படாமல் மென்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நாக்கின் அடியில் மெல்ல ஓர் இனிப்பு எழும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் இனிப்பு அது. வறுவலை அவசர அவசரமாக விழுங்கும்போது அந்த ருசி நமக்குக் கிடைப்பதே இல்லை.

மற்ற நாட்களில் ஆசை வந்தால்? வரும். வந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், தப்பு செய்துவிட்ட மாதிரி பதறவும் வேண்டாம். அது அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும், பெரும்பாலும் அரை மணிக்குள். நீங்கள் கண்ணை மூடிக் கவனித்தால் தெரியும், ஆசை என்பது மனசுக்குள் ஓடும் ஒரு படம். பொன்னிறம், முறுகல், எண்ணெய் சொட்டும் கரண்டி. அந்தப் படம் ஓடும் இடத்தில் வேறு படத்தை ஓட்டிவிட்டால் இது மங்கும். பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் திரையில் விழும் கட்டங்களைப் பொருத்தி அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் மூன்று நிமிடம் விளையாடியதும் ஆசையின் வலு சராசரியாக 70 சதவீதத்திலிருந்து 56 சதவீதத்துக்கு இறங்கியது. முழுக்கப் போகவில்லை, ஆனால் கையை நிறுத்த அவ்வளவு போதும். கண்ணுக்கு வேலை கொடுக்கும் எதுவும் உதவும், படம் வரைவது, துணி மடிப்பது, பிள்ளையோடு ஒரு புதிர்ப்படத்தை அடுக்குவது. வெறுமனே பாட்டுக் கேட்பது இதற்கு அவ்வளவாகப் போதாது, கண் சும்மா இருக்கும்.

இன்னொன்று. ஒரு நாள் தவறிவிடும். வாணலி காலியாகிவிடும். அன்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள், மறுநாள் மதியம் பழத்துக்குத் திரும்பிவிடாதீர்கள். வழக்கமான நேரத்துக்கு வழக்கமான சாப்பாடு. தண்டனையாகப் பட்டினி கிடந்தால் நாளை மாலையும் இதே கதைதான். மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன். இரவு ஒரு மணிக்கு மேல் சிப்ஸ் பாக்கெட்டைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. காலையில் தொட்டுக்கூடப் பார்க்கத் தோன்றுவதில்லை. இது என்ன வியாதி?

பதில்: வியாதி இல்லை தம்பி, தூக்கம். 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை, உங்கள் வயதுக்காரர்கள்தான், இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. எந்த உணவின் மேல் ஆசை அதிகம் கூடியது தெரியுமா? இனிப்பு, உப்புத் தீனி, மாவுச்சத்து. இரண்டே இரவில்! நீங்கள் எத்தனை மாதமாக ஒரு மணிக்குத் தூங்குகிறீர்களோ. சிப்ஸை நிறுத்த முயற்சி செய்ய வேண்டாம், பன்னிரண்டு மணிக்குள் விளக்கை அணைக்க முயற்சி செய்யுங்கள், ஒரு மணிக்கு விழித்திருந்தால்தானே பாக்கெட் திறக்கும். பரீட்சை நேரத்தில் விழித்துத்தான் ஆக வேண்டும் என்றால் பாக்கெட்டோடு உட்காராதீர்கள், ஒரு கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு பாக்கெட்டை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. சமைக்காத அரிசியைக் கை நிறைய அள்ளி நாள் முழுக்க மெல்லுகிறாள். திட்டினால் ஒளித்து வைத்து மெல்லுகிறாள். ஐஸ் கட்டியையும் கடித்துத் தின்கிறாள். கெட்ட பழக்கத்தை எப்படி நிறுத்துவது?

பதில்: அம்மா, இன்றே திட்டுவதை நிறுத்திவிட்டு இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இந்தக் கேள்விக்கு இதைவிட முக்கியமான பதில் கிடையாது.

சமைக்காத அரிசி, மாவு, மண், சுண்ணாம்பு, ஐஸ் கட்டி, இவற்றின் மேல் அடக்க முடியாத ஆசை வந்தால் மருத்துவத்தில் அதற்குப் பைக்கா என்று பெயர். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, ஐஸும் சேர்ந்தே வருகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும் பெண்களுக்கு இது எளிதில் வரும், வீட்டில் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள், அவளும் சொல்லியிருக்க மாட்டாள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போவதற்கு முன்பே உடம்பில் இரும்பின் கையிருப்பு தீர்ந்திருக்கலாம், அதை ஃபெரிட்டின்தான் காட்டும்.

குறைவு என்று தெரிந்து மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், டீ காபியோடு விழுங்க விடாதீர்கள், அவை இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறு மாதிரி வைட்டமின் சி உள்ள எதனோடும் எடுத்துக்கொள்ளலாம். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களிலேயே, சிலருக்கு ஹீமோகுளோபின் அளவு ஏறும் முன்பே, அரிசி ஆசை தானாகப் போய்விடும். இன்னொரு கொடுமை, பச்சையாக மெல்லும் அரிசியில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருளும் இரும்பு சேர்வதைக் கெடுக்கும், ஆக குறை ஆசையைத் தூண்ட, ஆசை குறையைக் கூட்டுகிறது. ஒளித்து வைத்துத் தின்னும் அளவுக்கு உங்கள் மகள் அதோடு தனியாகப் போராடிக்கொண்டிருக்கிறாள். இது உன் தப்பு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்து பழக்கம் மட்டும் தொடர்ந்தால் மனநல ஆலோசகரைப் பார்க்கலாம், ஆனால் அது இரண்டாவது படி.

கேள்வி: உருளைக்கிழங்குக்குப் பதிலாகச் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு மாறினால் பிரச்சினை தீருமா?

பதில்: வேகவைத்தால் இரண்டிலும் கலோரி ஏறத்தாழ ஒன்றுதான். ஆரஞ்சு நிறச் சதை உள்ளதில் உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் நிறைய இருக்கிறது, நல்ல உணவு, சாப்பிடுங்கள். எண்ணெயில் பொரித்தால் அதுவும் வறுவல்தான்.

கேள்வி: எனக்கு 62 வயது, சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். இரவு பத்து, பதினொரு மணிக்குச் சோறு வேண்டும் என்று ஒரு வெறி வருகிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது. சாப்பிட்டால்தான் அடங்குகிறது. கட்டுப்படுத்த வழி சொல்லுங்கள்.

பதில்: ஐயா, தயவுசெய்து இதைக் கட்டுப்படுத்தப் பார்க்காதீர்கள். கை நடுக்கம், வியர்வை, அடங்காத பசி, இவை மூன்றும் சேர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிப்போயிருக்கலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு மாதிரி சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது வரும், இரவுச் சாப்பாட்டை முன்னதாகவோ குறைவாகவோ சாப்பிட்ட நாட்களில் இன்னும் அதிகம். உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சோறு வேகமாக உதவாது, 15 கிராம் அளவுக்குச் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கரைத்தோ, அரை டம்ளர் பழச்சாறோ குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு கொஞ்சம் சாப்பிடுங்கள். குத்திப் பார்க்கும் கருவி கையில் இல்லை என்றால் நடுக்கம் வந்ததும் காத்திருக்காமல் சர்க்கரையைக் குடித்துவிடுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு அளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. மாத்திரையின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சர்க்கரை இறங்காமலே வெறும் ஆசையாக வரும் நாட்களும் இருக்கலாம். அதற்கு ஒன்று சொல்கிறேன். இரவுச் சாப்பாட்டில் சோற்றை முதலில் எடுக்காமல் காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துச் சோற்றுக்கு வாருங்கள். 2015இல் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவர்கள் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 11 பேரிடம் இதைச் செய்து பார்த்தபோது, அதே சாப்பாடு, அதே அளவு, வரிசை மட்டும் மாறியதில் ஒரு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை. சோறு வரும்போது பசியின் வேகமும் பாதி அடங்கியிருக்கும்.

கேள்வி: வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ரொட்டி, பிஸ்கட், மீந்த சோறு என்று கிடைத்ததை எல்லாம் வயிறு வலிக்கும்வரை தின்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள். ருசிகூடத் தெரிவதில்லை. பாக்கெட்டை மடித்துக் குப்பைக்கு அடியில் புதைத்து வைக்கிறேன். ஒரு வருஷமாக இப்படி. இதையும் ஆசை என்றுதான் சொல்வார்களா?

பதில்: இல்லை, இது ஆசையைத் தாண்டிய ஒன்று. நான் மேலே எழுதியிருக்கும் யோசனைகளை எல்லாம் நீங்கள் இப்போது செய்து பார்க்க வேண்டாம். கட்டுப்பாடு முழுக்க விட்டுப்போய், குறைந்தது வாரத்துக்கு ஒரு முறை, மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நடந்தால் அது மருத்துவத்தில் பெயர் வைத்து, சிகிச்சை வகுத்திருக்கும் ஒரு நோய். மிகை உண்ணல் கோளாறு என்கிறார்கள். 2013இலிருந்து மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் தனி நோயாகவே இருக்கிறது. உலகம் முழுக்க ஏராளமான பேருக்கு இருக்கிறது, எல்லோரும் உங்களைப் போலவே பாக்கெட்டை மறைத்து வைக்கிறார்கள், அதனால்தான் ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சை இதில் நன்றாகப் பலன் தருகிறது, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

எடை குறைக்கும் டயட் எதையும் இப்போது ஆரம்பிக்காதீர்கள், அது இதை மோசமாக்கும். மூன்று வேளையும் சாப்பிடுங்கள், முந்தின இரவு என்ன நடந்திருந்தாலும் சரி. மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ நேரம் வாங்குங்கள். அவர் எதிரே உட்கார்ந்ததும் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வாய் அடைத்துப் போகும், எல்லோருக்கும் அப்படித்தான். நீங்கள் எனக்கு எழுதிய ஏழெட்டு வரியில் எல்லாமே தெளிவாக இருக்கிறது, அதையே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.